சுகமோ என்று கேட்கக்கூடாத அக்கா

அந்த அக்காவிடம் யாரும் "சுகமோ?" என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரேயொரு பதில்தான் உண்டு. றோட்டில் கண்டாலும் சரி, பஸ்ஸில் கண்டாலும் சரி, "ஓம், இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீடு திரும்பியவர்கூட அப்படித்தான் சொல்லுவார். இந்த அக்கா மட்டும் நின்று யோசிப்பார். பிறகு உள்ளதைச் சொல்லுவார். ஒருநாள் வேலணைச் சந்தியில் ஒரு மனுசன் மரியாதைக்குக் கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறப் போக, "இல்லை அண்ணை, சுகமில்லை. ரெண்டு நாளாக் காலிலை நீர் இறங்கியிருக்கு. இஞ்சை பாருங்கோ, அமத்தினால் குழி விழுது" என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்த மனுசன் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க, பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு அவர் அக்காவைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்.

நான் அவரோடு பழகியது நண்டுக் கொம்பனியில். சுருவில் பக்கம் கடலோரமாக இருந்தது அது. நீலக்கால் நண்டை அவித்து, ஓட்டை நீக்கிச் சதையை எடுத்து, தகரப் பேணியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். வெள்ளைத் தொப்பியும் முழங்கால்வரை சப்பாத்துமாகப் பெண்கள் நீண்ட மேசைகளில் வரிசையாக நின்று, சின்னக் கத்தியால் நாள் முழுக்கச் சதை எடுப்பார்கள். நான் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருந்தேன். அக்கா கதவுப் பக்கத்து மேசை. அவருடைய தட்டில் ஓட்டுத் துண்டு ஒன்று கண்டுபிடித்தவர் கிடையாது. பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. கொம்பனியில் அவர் இருபத்துமூன்றாம் இலக்கம்.

ஒருமுறை நண்டு வாங்குகிற வெளிநாட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா மேசை மேசையாகக் குனிந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆள் கத்தியை வைத்துவிட்டார்.

"சொல்லுறன். எனக்கு நெஞ்சிலை ஒரு வால்வு பழுது. சின்னனிலை இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்திலை இருக்கேக்கை காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கினது. மருந்து கிடைக்கேல்லை. அதிலை வந்த வினை. மாதம் ஒருக்கால் யாழ்ப்பாணம் கிளினிக். குளிசை போட்டால் பறவாயில்லை. இண்டைக்குக் கொஞ்சம் மூச்சு இளைக்குது. இந்தத் தரை குளிர்."

வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் "ஃபைன்" என்றேன்.

அவர்கள் அடுத்த மேசைக்குப் போன பிறகு அக்கா என்னைக் கையால் கூப்பிட்டார். "பிள்ளை, நான் எவ்வளவு சொன்னன். நீர் ஒரு சொல்லிலை முடிச்சுப்போட்டீர்."

"அவைக்கு அவ்வளவுதான் அக்கா தேவை."

"அப்ப ஏன் கேட்டவை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கந்தோரில் போய் எல்லோருக்கும் சொல்லி இன்னொருமுறை சிரித்தேன்.

காப்பு வந்தது அதற்கு அடுத்த வருடம். கறுப்பு றப்பரில் ஒரு பட்டி, உள்ளே பச்சை வெளிச்சம் மினுங்கும். கொழும்பில் இருந்து பெட்டி பெட்டியாக வந்தது. தொழிலாளர் சுகநலத் திட்டம் என்று பெயர். பெண்கள் அதைக் காப்பு என்றார்கள். காலையில் கட்டி, பின்னேரம் கழற்றித் தர வேண்டும். நாடித் துடிப்பையும் கையசைவையும் அது பார்க்கும். பார்த்து, இந்த ஆள் இன்றைக்கு எவ்வளவு உழைத்தார், நாளைக்கு உழைக்கத் தகுதியோ என்று தானே கணித்துக்கொள்ளும். வாசலில் ஒரு ரீவி மாட்டினார்கள். காலையில் உள்ளே வரும்போது ஒவ்வொருவருடைய இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு நிறம் இருக்கும். பச்சை என்றால் நல்லது. மஞ்சள் என்றால் கவனம். ஒரு மாதம் முழுக்கச் சிவப்பு என்றால் வீட்டில் நின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லுவார்கள். அப்படித் தேற்றப் போன ஒருவரையும் திருப்பிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

காப்பைக் கட்டமுதல் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அது என் வேலை. நாட்பட்ட வருத்தம் ஏதும் உண்டோ என்று ஒரு கேள்வி. அந்த இரண்டு நாளும் நான் கண்ட அதிசயம், எங்கள் கொம்பனியில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. மதியம் சோற்றுக்கு முன் வயிற்றில் ஊசி போடுகிற அன்ரி "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார். நானும் "இல்லை" என்று பதிந்தேன். நல்லதென்றுதான் பதிந்தேன்.

அக்கா வந்து கதிரையில் இருந்தார். நான் கேட்காமலே "இல்லை" என்பதை அமத்தப் போனேன்.

"என்ன எழுதுறீர்?"

"ஒண்டுமில்லை எண்டு போடுவம் அக்கா. எல்லாரும் அப்பிடித்தான்."

"எனக்கு இருக்கெல்லே?"

"இருக்குத்தான். இதிலை வேண்டாம். மெஷினுக்கு ஏன் வீட்டுக்கதை?"

"கேக்குதெல்லே. கேட்டால் சொல்லத்தானே வேணும்." விரலை நீட்டித் திரையைத் தொட்டார். "அதை மாத்தும். வால்வெண்டு எழுதும். குளிசையின்ரை பேரையும் எழுதும், கிளினிக் துண்டு கொண்டந்தனான்."

எழுதினேன். அந்த ஒரு கட்டத்தை நிரப்பியதால் அவருடைய இலக்கத்துக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்று விழுந்தது. கவனத்துக்குரியவர் என்று அர்த்தம். மற்றவர்களைவிட அவரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கும் என்று அர்த்தம். இது எனக்கே பிறகுதான் தெரியும்.

இந்தக் குணத்தால் அவர் ஊரில் நல்ல பெயர் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெட்டைக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள், வழமைபோல அயலில் விசாரிக்க இவருடைய வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஏதும் வருத்தம் துன்பம் உண்டோ என்று கேட்டிருக்கிறார்கள். "முந்தி வலிப்பு வாறது. இப்ப ரெண்டு வருசமா இல்லை. நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை" என்றாராம். தங்கத்தை யார் கேட்டது? சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. அந்தப் பெட்டையின் தாய் வேலியில் நின்று, "உன்ரை நாக்கு அழுகிப்போகும்" என்று மண் அள்ளி எறிந்தார். கேள்விப்பட்ட எனக்கே அக்காவில் ஆத்திரம் வந்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன, வானமா இடிந்து விழும்?

அதே பெட்டை சில வருடம் கழித்து, காப்பு வந்த கையோடு எங்கள் கொம்பனிக்கு வேலைக்கு வந்தாள். படிவத்தில் ஒன்றுமில்லை என்று போட்டாள். அக்காவுக்கு எதிர் மேசையில் நின்றாள். இருவரும் கதைப்பதில்லை. ஒருநாள் தேத்தண்ணி நேரம் அக்கா என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்:

"பிள்ளை, அவளைப் பற்றி என்னட்டை ஒண்டும் கேக்காதையும். சுப்பவைசரையும் கேக்கவேண்டாமெண்டு சொல்லும். கேட்டால் நான் சொல்லிப்போடுவன்."

தன் வாயைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அடக்கத்தான் தெரியவில்லை. கேள்விக்குத் தப்பி ஓடுவதுதான் அவர் அறிந்த ஒரே வழி.

காப்புக் கட்டி இரண்டாவது கிழமையே இருபத்துமூன்று சிவப்பாகிவிட்டது. எனக்கு நம்ப ஏலாமல் இருந்தது. தராசில் நிறுத்துப் பார்த்தால் மேசையிலேயே கூடச் சதை எடுப்பவர் அவர்தான். மெஷினோ அவர் வேலை செய்யவில்லை என்றது. சுப்பவைசர் அண்ணையிடம் போனேன். அவர் நல்ல மனுசன், ஆனால் பயந்தவர். "தராசு சொல்லுறது எனக்குத் தெரியும் தங்கச்சி. கொழும்பு தராசைப் பாக்கேல்லை. மெஷினைத்தான் பாக்குது" என்றார்.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இதைக் கவனிக்கிற ஒருவர் தமிழிலேயே கதைத்தார், தன்மையான குரல்.

"நாடி ஏறேல்லையே. உழைச்சால் நாடி ஏற வேணும். இவவுக்கு இருந்தபடியே இருக்கு. அதோடை மாதம் ஒரு நாள் வராமல் நிக்கிறா."

"அது கிளினிக் நாள். நாடி ஏறாதது குளிசையாலை. நெஞ்சு வருத்தக்காரருக்கு அப்பிடித்தான் இருக்குமாம். படிவத்திலை எழுதியிருக்கிறமே."

"மெஷின் எத்தினையோ பேரின்ரை நாடியைப் பாத்துப் படிச்சதுதானே, பிழைவிடாது."

"அதிலை நெஞ்சு வருத்தக்காரர் எத்தினை பேர்?"

அவர் சிரித்தார். "அவையளைச் சேக்கேல்லை. சேத்தால் கணக்குக் குழம்பிப்போகும். நல்ல சுகதேகிகளை மட்டும்தான் எடுத்தது."

தொலைபேசியை வைத்துவிட்டு, "கோதாரியிலை போற மெஷின்" என்று வாய்விட்டுத் திட்டினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம்.

மற்றப் பெண்களுக்கு அதை ஏய்க்கும் வழி பிடிபட்டுவிட்டது. நிறம் மங்கினால் கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதிப்பார்கள். பத்துத் தரம் குதித்தால் நாடி எகிறும். சிலர் காப்பை மாற்றிக் கட்டுவார்கள். ஊசி போடுகிற அன்ரி மூச்சு வாங்க வெளியே வரும்போது மேசை முழுக்கச் சிரிக்கும். எங்கள் அக்காவையும் குதிக்கச் சொன்னார்கள். "குதிக்கிறது வேலையே?" என்று கேட்டார். எதிர் மேசைப் பெட்டை, ஆம், அவளேதான், "என்ரையை மாத்திக் கட்டுங்கோ அன்ரி" என்று தன் காப்பைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாங்கவில்லை. "அது உம்மடை நாடி பிள்ளை. நான் எப்பிடி என்ரை எண்டு சொல்லுறது?"

சிவப்பு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது அவர் கந்தோருக்கு வந்தார். எனக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்து இளைப்பு ஆறினார். அவருக்குப் புருசன் இல்லை, கடலோடு போனவர். ஒரே மகள் உயர்தரம் படிக்கிறாள், பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம். நாற்பது கடந்த, நெஞ்சு வருத்தமுள்ள ஒரு பெண்ணுக்கு இந்தத் தீவில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"பிள்ளை, நான் வேலை செய்யேல்லையோ?"

"செய்யிறியள் அக்கா."

"அப்ப அது ஏன் இல்லையெண்டுது?"

மழுப்பியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். அந்தப் பெரிய கண்கள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, அதனால் உள்ளதைச் சொன்னேன். வெள்ளைக் குளிசை நாடியை மெதுவாக வைத்திருக்கும், அதனால் நீங்கள் படும் பாடு அதற்குத் தெரிவதில்லை என்று.

"குளிசை இல்லாட்டில் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

"அப்பிடியே?" என்றார். எழுந்து போய்விட்டார்.

நாலாம் நாள் இருபத்துமூன்று மஞ்சள். ஆறாம் நாள் பச்சை. ரீவியைக் கண்டு பெண்கள் கை தட்டினார்கள். சுப்பவைசர் அண்ணை ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கும் சந்தோசம்தான். ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்து, "எப்பிடி அக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டேன் என்பது நினைவு வந்தது.

"வெள்ளைக் குளிசையை விட்டிட்டன்."

மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நான் அவரைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போனேன். "அக்கா, விசரே? டொக்டரைக் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை. கேட்டால் போடச் சொல்லுவார்."

"நெஞ்சு?"

"படபடக்குது. உள்ளுக்கை அடிக்கிறது காதிலை கேக்குது. ஆனால் நான் ஒரு பொய்யும் சொல்லேல்லைப் பிள்ளை. குதிக்கேல்லை, வேறை ஆரின்ரை காப்பையும் கட்டேல்லை. இது என்ரை நாடிதான். இப்ப அதுக்கு நான் வேலை செய்யிறது தெரியுது."

இவ்வளவு நாளும் ஒரு பொய் சொல்லத் தெரியாமல் இருந்த மனுசி, பொய் சொல்லாமலே மெஷினைச் சரிக்கட்டிவிட்டேன் என்று எனக்கு முன்னால் நின்று சிரித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிசையைப் போட வைத்திருக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்தேன். மாதம் முடியட்டும், இலக்கம் நிலைக்கட்டும், பதினேழாம் திகதி கிளினிக் வருகிறது, அங்கே டொக்டர் கேட்பார், இவர் எப்படியும் சொல்லிவிடுவார், அவர் ஏசிப் போட வைப்பார். என் வாயால் ஏன் என்று விட்டுவிட்டேன்.

கிளினிக் நாளன்று அக்கா வேலைக்கு வந்து நின்றார்.

"போகேல்லையோ?"

"போனால் கேப்பினம்" என்றார். அவ்வளவுதான். எதிர் மேசைப் பெட்டையின் விடயத்தில் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றாரே, அதே முகம்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் மனுசர் செய்ததைத்தான் நானும் செய்தேன். கதவுப் பக்கத்து மேசையைக் கடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டு போவேன். கால் வீங்கிச் சப்பாத்துக்குள் நுழையாமல், முனையை வெட்டிப் போட்டிருந்ததைக் கண்டேன். இரவில் படுக்க ஏலாமல் கதிரையில் இருந்தே நித்திரை கொள்ளுகிறார் என்று யாரோ சொன்னார்கள். ரீவியில் மூன்று கிழமையாகப் பச்சை.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். நண்டு நல்ல வரத்து, எல்லா மேசையும் நிறைந்திருந்தது. என் திரையில் இருபத்துமூன்று எல்லாருக்கும் மேலே போய் நின்றது. கொம்பனியிலேயே கூட உழைக்கிறவர் என்று மெஷின் அவரை முதலாவதாகப் போட்டது. நான் எழும்பி ஓடினேன். அவர் கத்தியை ஒழுங்காகத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்திருந்தார். எதிர் மேசைப் பெட்டைதான் முதலில் கத்தியது.

கொம்பனியின் வான் வண்டியில் ஏற்றினோம். தலை என் மடியில். நண்டு மணமும் குளோரின் மணமும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு எந்த றோட்டால் போவதென்று றைவர் கேட்க, "எதாலையெண்டாலும் கெதியாப் போங்கோ" என்று கத்தினேன். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் வெயிலில் பளபளத்தது. பழக்கதோசம், அவருடைய நெற்றியைத் தடவி, "அக்கா, என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

அவர் வழமைபோல யோசித்தார்.

"ஏலாது பிள்ளை" என்றார்.

பாலம் முடியமுன் மூச்சு நின்றுவிட்டது. கையில் காப்பு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அந்தத் தன்மையான குரல் கொழும்பில் இருந்து தொலைபேசி எடுத்தது. அக்காவின் காப்பு அறிக்கையை அச்செடுத்து அனுப்பச் சொன்னது. "பாவம். ஆனால் கடைசி மூண்டு கிழமையும் பச்சையிலைதானே இருந்தவ? எங்கடை பக்கத்திலை ஒரு குறையுமில்லை" என்றது. நான் அச்செடுத்தேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் கையெழுத்தும் வைத்தேன். என்னை நானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அடுத்த கிழமை இருபத்துமூன்றாம் இலக்கத்தை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். வருத்தம் ஏதும் உண்டோ என்று நான்தான் கேட்டேன். இல்லை என்றாள். இல்லை என்று பதிந்தேன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மகள் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து முடித்துவிட்டு, என்னை அறைக்குள் கூப்பிட்டாள். தாயின் அதே கண்கள். அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசிப் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். வெள்ளைக் குளிசைகள்.

"கிட்டத்தட்ட ஒரு மாதம் போடேல்லை அக்கா. நான் படிப்பு படிப்பெண்டு கவனிக்கேல்லை. என்னாலைதான்."

"உன்னாலை ஒண்டுமில்லைப் பிள்ளை."

"அம்மா உங்களைப் பற்றித்தான் கதைக்கிறவ. அந்தக் கொம்பனியிலை நீங்கள் ஒராள்தான் தனக்கு உள்ளதைச் சொன்னதெண்டு சொல்லுவா." மூக்கை உறிஞ்சினாள். "அதுதான் உங்களைக் கேக்கிறன். அம்மா குளிசையை விட்டது உங்களுக்குத் தெரியுமோ?"

வெளியே முற்றத்தில் யாரோ கதிரைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா என்னுடைய இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். குளிசைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.